பனை மரமா, புல்லா? உயிரினங்களை எந்த அடிப்படையில் வகைப்படுத்துகிறார்கள்?

வடலி (கோப்பாய்)

அனைவருக்கும் வணக்கம். தரம் 8 இல் படிக்கும் என் மகளுக்குக் கடந்த தவணைப் பரீட்சையில் சில தாவரங்களின் பெயர்களைத் தந்து, அவற்றை மரம், செடி, புல் எனப் பிரிக்கும்படி கேட்டிருந்தார்கள். அவள் பனையைப் புல்லின் கீழ் எழுதிவிட்டாள். சிவப்பு மையால் ஒரு பெரிய பிழைக்குறி விழுந்ததுடன், "பனைமரம் என்றுதானே சொல்கிறோம்?" என்ற குறிப்பும் பக்கத்தில் இருந்தது.

அவள் விளையாட்டுக்கு எழுதியதல்ல. அவளுடைய அம்மப்பா பழந்தமிழ் படித்தவர். "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரனென மொழிப" என்ற தொல்காப்பிய நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லி, வெளிப்புறத்தில் வைரம் உள்ளது புல், உட்புறத்தில் வைரம் உள்ளது மரம், ஆகவே பனையும் தென்னையும் கமுகும் புல் என்று அவளுக்குக் கற்பித்திருக்கிறார். புள்ளி போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் "அப்பா, எது எந்தக் கூட்டத்தில் சேரும் என்று யார் முடிவெடுக்கிறார்கள்?" என்று அவள் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. இந்தத் துறையைக் கற்றவர்கள் விளக்கினால் அவளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

கற்பகதரு (நல்லூர்)

பிள்ளை எழுதியதே சரி. மேலைநாட்டார் முளைக்கும் விதையில் ஒரு வித்திலையா இரண்டா என்று பார்த்து ஒருவித்திலை, இருவித்திலை எனத் தாவரங்களைப் பிரிக்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில், ஜோன் ரே என்ற ஆங்கிலேயரின் காலத்தில்தான். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே புறக்காழ், அகக்காழ் என்று நம் முன்னோர் அதே பிரிவைச் செய்துவிட்டார்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்தியதும் தொல்காப்பியத்தின் மரபியல் என்ற அதே இயலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வகையைக் கூறி முடிக்கும்போதும் "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று சொல்கிறது. இன்று விஞ்ஞானிகள் உயிர்களைக் கிளைகளாக வரைகிறார்களே, அந்தக் "கிளை" என்ற சொல்லே அங்கே இருக்கிறது. நம் கையில் இருந்ததை மறந்துவிட்டு, மேற்கிலிருந்து வந்த பின்னர் வியக்கிறோம்.

செம்மண் (உரும்பிராய்)

தம்பி வடலி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தாவரவியலின்படி பிள்ளையின் விடை சரியன்று. திருத்தியவர் எழுதிய காரணமும் சரியன்று. இரண்டுக்கும் மேலான குற்றம் வினாவைத் தயாரித்தவருடையது. எந்த அடிப்படையில் பிரிக்க வேண்டும் என்று சொல்லாமல் பிரிக்கச் சொன்னால், வீட்டுக்கு ஒரு விடை வருவதில் வியப்பில்லை.

முதலில் அம்மப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில் உண்மையான அவதானம் இருக்கிறது. பழைய ஓட்டுவீடு பிரித்த இடத்தில் பனஞ்சிலாகைத் துண்டு ஒன்று கிடைத்தால், அதன் வெட்டுமுகத்தைத் தேய்த்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். கறுப்புப் புள்ளிகள் வெளிவிளிம்பில் நெருக்கமாகவும், உள்ளே போகப்போக ஐதாகவும் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலன்கட்டு, அதாவது நீரையும் உணவையும் கடத்தும் குழாய்களின் கற்றை. மாவிலோ வேம்பிலோ இந்தக் கலன்கட்டுகள் ஒரு வளையமாக அமைந்து, அவற்றினூடே மாறிழையம் என்ற வளரும் படை ஓடுகிறது. அது ஆண்டுதோறும் உள்நோக்கி நீரைக் கடத்தும் காழையும் வெளிநோக்கி உணவைக் கடத்தும் உரியத்தையும் இடுவதால் தண்டு பருக்கிறது, பழைய காழ் நடுவில் இறுகி வைரமாகிறது. பனையில் அத்தகைய மாறிழையம் இல்லை. கலன்கட்டுகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறத்தில் அவை நெருங்கி, அவற்றைச் சூழ்ந்த நார்கள் தடிப்பதால் வைரம் புறத்தே அமைகிறது. உள்ளே மென்மையாக இருப்பதால்தான் பனங்குற்றியைக் குடைந்து நீர் ஓடும் பீலி செய்ய நம்மவர்களால் முடிந்தது.

மாமரத்தின் பட்டையைச் சுற்றிவர உரித்துவிட்டால் உரியம் அறுந்து மரம் பட்டுப்போகும். பனைக்கு அவ்வாறு செய்தால் சாகாது, ஏனெனில் உரியம் உள்ளேயும் பரந்திருக்கிறது. ஆனால் மாவின் கிளையைத் தறித்தால் பக்கத்தில் துளிர்க்கும், பனையின் குருத்தை வெட்டினால் அத்துடன் முடிந்தது. போர்க்காலத்தில் செல் விழுந்து தலை இழந்து வரிசையாக நின்ற பனைகளைக் கண்டவர்களுக்கு இதைப் புத்தகத்தில் காட்டத் தேவையில்லை.

ஆகவே புறக்காழ், அகக்காழ் என்ற பிரிவு, ஒருவித்திலை இருவித்திலைப் பிரிவுடன் பெருமளவு ஒத்துப்போவது உண்மை. இதில் இன்னுமொரு சுவை உண்டு. அந்நூற்பாக்களுக்குப் பின்னர், ஓலை, மடல், ஏடு, பாளை, ஈர்க்கு, குலை முதலிய சொற்கள் புல்லுக்கு உரியன என்றும், தளிர், முறி, சினை, அரும்பு போன்றவை மரத்துக்கு உரியன என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. இன்றும் நாம் பனை ஓலை என்கிறோம், மாவிலை என்கிறோம். யாரும் பனையிலை என்பதில்லை. பிள்ளை பரீட்சையில் எழுதியதை யாழ்ப்பாணத்துக் கிழவிகள் ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால், ஒரு வகுப்புக்கு முற்காலத்தில் "புல்" என்று பெயரிட்டதால், இன்றைய தாவரவியல் "புல்" எனக் குறிப்பதும் அதுவே என்று ஆகிவிடாது. புற்குடும்பம் என்பது நெல், குரக்கன், சாமை, கரும்பு, மூங்கில், அறுகு ஆகியவற்றைக் கொண்ட போவேசியே. பனை, தென்னை, கமுகு, ஈச்சு, கித்துள் ஆகியவை அரெகேசியே என்ற வேறு குடும்பம். அந்தப் பெயருக்கு மூலமான "அரெக்கா" என்பதே நம் பக்கத்து மலையாள "அடக்க", அதாவது பாக்கு, போர்த்துக்கேயர் வழியாகப் போய்த் திரிந்த வடிவம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மூங்கில் உண்மையான புல், பனை புல்லன்று, இரண்டுமே உயரமானவை. உயரத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி "மரம்" என்ற சொல். தாவரவியலில் மரம் என்று ஒரு குடும்பமோ வகுப்போ இல்லை. அது வளரும் விதத்தின் பெயர். புளி பெருமரம், பயறு சிறுசெடி, தொட்டாற்சுருங்கி நிலத்தில் படர்வது. மூன்றும் ஒரே குடும்பம். வேலியில் கதியாலாக நடும் பூவரசுக்கும் முற்றத்துச் செவ்வரத்தைக்கும் தோட்டத்து வெண்டிக்கும் உள்ள உறவு, பூவரசுக்கும் வேம்புக்கும் உள்ள உறவைவிட நெருங்கியது. பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மகரந்தம் தரும் கேசரங்கள் ஒன்றிணைந்து குழாயாக நிற்பது தெரியும். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லினேயஸ் 1753 இல் பூவரசைச் செவ்வரத்தையின் சாதியிலேயே (நெருங்கிய இனங்களைச் சேர்த்த, குடும்பத்தைவிடச் சிறிய பிரிவு) வைத்தார், பிறகுதான் அது தெசுபீசியா என்ற சாதிக்கு மாறியது.

கற்பகதரு

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் "பெருமளவு ஒத்துப்போகிறது" என்று ஏன் தயங்கித் தயங்கிச் சொல்கிறீர்கள்? நண்டையும் தும்பியையும் நான்கறிவு என ஒரே வகையில் வைத்திருக்கிறார்களே, இரண்டும் இன்று ஆத்திரப்போடா, அதாவது மூட்டுக்காலிகள் என்ற பெரும்பிரிவில்தானே (கணத்தில்) இருக்கின்றன?

செம்மண்

தயக்கம் அல்ல, ஐயா. அதே மரபியல் எறும்பையும் சிதலையும், அதாவது கறையானையும், மூவறிவில் வைக்கிறது. தும்பியை வண்டினமாகக் கொண்டாலும் தட்டானாகக் கொண்டாலும், எறும்பு நண்டைவிடத் தும்பிக்கே உறவு. அதைத் தும்பியிடமிருந்து பிரித்துக் கறையானோடு சேர்த்திருக்கிறது, ஏனெனில் அவர்கள் பார்த்தது உறவை அன்று, புலன்களின் எண்ணிக்கையை. அவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள், அதற்கு ஒழுங்கான விடை சொன்னார்கள். நம் கேள்வியை அவர்கள் வாயில் திணிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. புறக்காழ் விதிக்கும் இடறல் உண்டு. வேலியில் நிற்கும் முள்முருக்குக்கு உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் வைரமில்லை.

முருங்கைப்பூ (திருநெல்வேலி)

நான் விலங்கியல் படிக்கும் மாணவி. ஐயா சொன்ன கறையானைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நூற்றாண்டுக்கு மேலாகக் கறையானுக்கென்று ஐசொப்டெரா என்ற தனி வருணம் (பல குடும்பங்கள் சேர்ந்த பிரிவு) இருந்தது. 2007 இல் வெளியான டீ.என்.ஏ. ஆய்வு, கறையான் என்பது கரப்பான்களின் கிளைக்குள்ளேயே முளைத்த ஒரு சிறுகிளை என்று உறுதிப்படுத்தியதால், இப்போது அதைக் கரப்பானின் வருணத்துக்குள்ளேயே அடக்குகிறார்கள். எறும்பு குளவிக்கும் தேனீக்கும் உறவு. புற்று, இராணி, தொழிலாளிகள் என்று வாழ்க்கை முறை எவ்வளவு ஒத்திருந்தாலும், எறும்பும் கறையானும் தொலைதூரத்தவை.

யார் முடிவெடுக்கிறார்கள் என்று தங்கை கேட்டிருக்கிறாள். பெயர்களுக்கு அனைத்துலக விதிக்கோவைகள் இருக்கின்றன. தாவரப் பெயர்கள் 1753 இல் லினேயஸ் வெளியிட்ட நூலிலிருந்தும், விலங்குப் பெயர்கள் 1758 இல் வந்த அவருடைய மற்றொரு நூலின் பத்தாம் பதிப்பிலிருந்தும் எண்ணப்படுகின்றன. ஓர் இனத்துக்குப் பெயரிடுபவர் ஒரு மாதிரியுருவைச் சுட்டி, "இப்பெயர் இதற்கு உரியது" என்று கட்டிவைக்க வேண்டும். ஆனால் எந்த இனம் எந்தக் கூட்டத்தில் சேரும் என்பதற்கு வாக்கெடுப்பும் இல்லை, தலைமை நீதிபதியும் இல்லை. ஒருவர் சான்றுடன் முன்மொழிவார், மற்றவர்கள் சோதிப்பார்கள், நின்றுபிடித்தால் பாடநூலுக்கு வரும்.

அந்தச் சான்று எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்தான் பெரிய மாற்றம் வந்தது. லினேயஸ் பூக்களின் கேசரங்களை எண்ணியும், அவை அமைந்த விதத்தைப் பார்த்தும் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். எவருக்கும் எளிதான முறைதான், ஆனால் உறவில்லாதவையெல்லாம் ஒரே வகுப்பில் போய் விழுந்தன. 1859 இல் வெளியான டார்வினின் நூலில் இருந்த ஒரே படம் கிளைவிட்டுப் பிரியும் கோடுகளின் வரைபடம். கூட்டம் என்பது பொதுவான மூதாதையிலிருந்து வந்த வழித்தோன்றல்களின் கூட்டமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. அதை இறுக்கமான முறையாக்கியவர் வில்லி ஹெனிக் என்ற செருமானியப் பூச்சியியலாளர். 1945 இல் பிரித்தானியரின் போர்க்கைதியாக இருந்தபோதே முதல் வரைவை எழுதி, 1950 இல் நூலாக வெளியிட்டார். அவருடைய விதி கண்டிப்பானது. ஒரு மூதாதையையும் அதன் எல்லா வழித்தோன்றல்களையும் சேர்த்தால்தான் அது கூட்டம். பிடிக்காத பேரப்பிள்ளையைக் குடும்பப் படத்திலிருந்து வெட்டிவிட்டு மற்றவர்களை மட்டும் குடும்பம் என்று சொல்ல முடியாது.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் "ஊர்வன" உடைந்துபோகிறது. முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியோ உடும்போ அன்று, கோழி. பறவைகளை வெளியே விட்டுவிட்டு முதலையையும் பல்லியையும் ஒன்றாகக் கட்டினால், அது வெட்டிய குடும்பப் படம்.

கடலோரத்தான் (மயிலிட்டி)

தங்கச்சி, கோழிக்கு முதலை உறவென்றால் எங்கள் கடலுக்கும் வாருங்கள். நான் கல்லூரிக்குப் போகாதவன், ஆனால் முப்பத்தைந்து வருடக் கடல் அனுபவம் இருக்கிறது. எங்களிடம் சுறா, திருக்கை என்றால் ஒரு மாதிரி, பாரை, விளமீன் என்றால் வேறு மாதிரி. முந்தியவற்றுக்கு முள் இல்லை, குருத்தெலும்புதான், தோலும் அரம் போல இருக்கும். இரண்டையும் "மீன்" என்று ஒரே பெயரில் எப்படி விஞ்ஞானம் அடக்குகிறது?

இன்னொன்று. இப்போது கரையெங்கும் கடலட்டைப் பண்ணைகள். அட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். அது உண்மையிலேயே அட்டை இனமா? என் மகன் புழு என்கிறான்.

முருங்கைப்பூ

அண்ணா, உங்கள் பிரிவுதான் சரியானது. விஞ்ஞானமும் இப்போது மீன் என்பதை ஒரு கூட்டமாக ஏற்பதில்லை. சுறா, திருக்கையின் பரம்பரை முன்னரே பிரிந்துபோய்விட்டது. எலும்புள்ள மீன்களின் பரம்பரை அதன்பின் இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளையில் பாரை, விளமீன், சூடை, மற்றெல்லாம். மறுகிளையில் சதைப்பற்றான துடுப்புள்ள மீன்கள், அவற்றின் வழியில் தவளை, பல்லி, பறவை, மாடு, நாம். ஆகவே பாரைக்கு உறவுமுறையில் கிட்டியவர் சுறாவா நீங்களா என்று கேட்டால், விடை நீங்கள்தான். சந்தையில் மீன் என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அது கடலில் வாழ்ந்து வலையில் அகப்பட்டுக் கறிக்குப் போகும் ஒன்றின் பெயர், உறவின் பெயரன்று.

கடலட்டையைப் பற்றிச் செம்மண் ஐயா எழுதுவாரா? முள்ளந்தண்டிலிகளைப் பற்றி நான் எழுதினால் நிறுத்தமாட்டேன்.

செம்மண்

எழுதலாம், பிள்ளை. தாவரத்தை விட்டு வெளியே வந்தால் என் காலும் சற்றுத் தடுமாறும். ஆனால் உயர்தரப் பாடத்திட்டம் விலங்கியலையும் என் தலையில் ஏற்றியிருக்கிறது.

கடலோரத்தாரே, கடலட்டையை அவிக்கும் முன் வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கிறீர்கள் அல்லவா? அப்போது உட்சுவரை விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் தசைப்பட்டிகளை எண்ணினால் ஐந்து இருக்கும். ஐந்து என்ற எண்தான் இங்கே துப்பு. நட்சத்திரமீனுக்கு ஐந்து கைகள். கடல் முள்ளெலியின் ஓட்டைக் காயவைத்துப் பார்த்தால் ஐந்து வரிசைத் துளைகள். இவை மூன்றும் எக்கைனோடேர்மேற்றா என்ற முட்தோலிகளின் கணம். நட்சத்திரமீனை வாயிலிருந்து மேல்நோக்கி இழுத்து நீட்டி, பின் ஒரு பக்கமாகப் படுக்க வைத்தால் எப்படியிருக்குமோ, அதுவே கடலட்டை.

தோட்டத்தில் காலைக் கடிக்கும் அட்டை, மண்புழுவின் கணமான அனலிடா. உடல் முழுவதும் வளையங்கள். இரண்டையும் பிரிப்பது வெளித்தோற்றம் மட்டுமன்று. கரு உருவாகும்போது முதலில் தோன்றும் துளை அட்டை, நண்டு, கணவாய் போன்றவற்றின் பரம்பரையில் பொதுவாக வாயாகிறது. கடலட்டையிலும் முள்ளந்தண்டுளிகளிலும் அத்துளை குதத்தின் பக்கம் போக, வாய் புதிதாக வேறிடத்தில் திறக்கிறது. டீ.என்.ஏ. ஒப்பீடும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. ஆகையால் கடலட்டைக்கு அட்டையைவிட நாமே கிட்டிய உறவு. மகனிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டான்.

இன்னும் இரண்டு கடற்பெயர்கள். கணவாய்க்கு மீனுடன் உறவில்லை, மட்டியும் நத்தையும் அதன் சொந்தக்காரர். கடற்பசுவுக்குப் பசுவும் உறவில்லை, திமிங்கிலமும் நெருங்கிய உறவில்லை, யானைதான் கிட்டிய சொந்தம். பசுவுக்கு உண்மையில் கடலில் ஓர் உறவு இருக்கிறதென்றால் அது திமிங்கிலம். இரட்டைக் குளம்பு விலங்குகளின் கிளைக்குள் நீர்யானைக்கு அடுத்ததாகத்தான் திமிங்கிலத்தை வைக்கிறார்கள்.

கடலோரத்தான்

நான் யாரிடமும் இதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் என்னைத்தான் சிரிப்பார்கள்.

சங்கடப்படலை (சாவகச்சேரி)

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. நான் படித்த காலத்தில் தாவர இராச்சியம், விலங்கு இராச்சியம் என்று இரண்டு. தம்பி படித்தபோது ஐந்து இராச்சியங்கள். என் பிள்ளை இப்போது மூன்று பேரிராச்சியங்கள் என்று ஒப்புவிக்கிறாள். கறையானுக்கு வருணம் போய்விட்டது, மீன் போய்விட்டது, ஊர்வன போய்விட்டது. பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும் ஒன்றை ஏன் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும்? இதனால் ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன பயன்? 2016 இல் இந்தியாவின் கோவா மாநிலத்தில் தென்னையைச் சட்டத்தின் "மரம்" என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் சேர்த்தார்கள். அரசியல்வாதிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் என்ன வித்தியாசம்?

முருங்கைப்பூ

கோவாவில் மாறியது வெட்ட அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதுதான். தென்னையின் உறவினர் யார் என்பதை அங்கு எவரும் மாற்றவில்லை.

இரண்டு ஐந்தாகி மூன்றானதற்கும் காரணம் இருக்கிறது. காளானைத் தாவரத்தோடு வைத்திருந்தார்கள். அது ஒளித்தொகுப்புச் செய்வதில்லை, கலச்சுவரும் வேறு. விற்றேக்கர் என்ற உயிரியலாளர் 1969 இல் அதற்குத் தனி இராச்சியம் கொடுத்து ஐந்தாக்கினார். பின்னர் கார்ல் ஊஸ் என்பவர் கலங்களில் புரதம் ஆக்கும் இறைபோசோம்களில் உள்ள ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு, பற்றீரியாக்கள் என எண்ணியிருந்தவற்றில் ஒரு பகுதி முற்றிலும் வேறான பரம்பரை என்று 1977 இல் காட்டினார். அவைதாம் ஆக்கியா. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே மாதிரிச் சிறு குச்சிகளாகவும் உருண்டைகளாகவும் தெரிந்ததால், கண்ணை மட்டும் நம்பியவர்கள் அதுவரை ஏமாந்திருந்தார்கள். 1990 இல் மூன்று பேரிராச்சியங்களாக முன்மொழியப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், காளான் இப்போது தாவரத்தைவிட விலங்குக்கே கிட்டியது என்று தெரிகிறது.

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

யாழ்ப்பாண நண்பர்களுக்கு வணக்கம். படலை நண்பர் பயன் என்ன என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கண்ணாடி விரியன் என்றும் கட்டு விரியன் என்றும் இரண்டு பாம்புகளைச் சொல்வோம். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். ஆனால் கண்ணாடி விரியன் வைபெரிடே குடும்பம். கடித்த இடம் வீங்கும், வலிக்கும், இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகமும் கெடலாம். கட்டு விரியன் எலாப்பிடே, அதாவது நல்ல பாம்பின் குடும்பம். இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரும்பாலும் வீக்கமோ வலியோ இராது, விடிவதற்குள் கண்ணிமை சரிந்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும். "விரியன்தான், வீக்கமில்லை, பயமில்லை" என்று ஒருவர் நினைத்தால் அந்த நினைப்பே ஆளைக் கொல்லும். எந்தக் குடும்பம் என்று தெரிந்தால், நஞ்சு எப்படி வேலை செய்யும் என்பதில் பாதி தெரிந்துவிடுகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். மேலே "சாதி", "வருணம்" என்று எழுதுகிறீர்கள். இங்கே பேரினம், சிற்றினம், துறை என்றுதான் பாடநூலில் இருக்கும். உங்கள் "இனம்" எங்கள் சிற்றினமா?

செம்மண்

ஆம். எங்கள் வரிசை பேரிராச்சியம், இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். உங்கள் பேரினம் எங்கள் சாதி, உங்கள் சிற்றினம் எங்கள் இனம், உங்கள் துறை எங்கள் வருணம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழில் மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கச் சொற்களைத் தேடிய காலத்திலிருந்தே, அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சிக்கு இங்கே தனி மரபு உண்டு. அதனால் உங்களுடையதும் எங்களுடையதும் பல இடங்களில் இரண்டு வழியாகப் போய்விட்டன.

ஆனால் அந்த இரண்டு சொற்களைப் பற்றி எனக்கு நெடுநாள் உறுத்தல் இருக்கிறது. கரும்பலகையில் வருணம், சாதி என்று எழுதும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். சிரிக்காத பிள்ளைகள் சிலர் இருந்ததையும் நான் கவனித்திருக்கிறேன். மனிதர் அனைவரும் ஒரே சாதி, ஒரே இனம், ஹோமோ சேப்பியன்ஸ் என்று அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். உங்கள் பேரினம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கற்பகதரு

ஐயா, பனைக்கே திரும்புவோம். பனையின் விஞ்ஞானப் பெயரை வைத்தவரும் லினேயஸ்தானா? அவர் இலங்கைக்கு வந்தாரா?

செம்மண்

வரவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், பவுல் ஹெர்மன் என்ற வைத்தியர் இலங்கையில் தாவரங்களைச் சேகரித்து உலர்த்தினார். அந்தத் தொகுதி பின்னர் லினேயஸின் கைக்குக் கிடைக்க, அதை ஆராய்ந்து 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலர்ந்த தாள்கள் இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டுத் தாவரங்கள் பலவற்றின் பெயர்கள் அந்தத் தாள்களில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பெயரைப் பற்றிச் சந்தேகம் வந்தால், கடைசியில் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

பனைக்குப் பொராசஸ் பிளபெலிபர் என்று அவர் 1753 இல் பெயரிட்டார். பின்சொல்லுக்கு விசிறி தாங்கி என்று பொருள். பனையோலை விசிறியால் வீசிக்கொண்டுதான் இதைத் தட்டெழுதுகிறேன், மின்சாரம் போய்விட்டது. கேசரங்களை எண்ணி 24 வகுப்புகளாகப் பிரித்தார் என்று பிள்ளை எழுதினாரே, பனையும் தென்னையும் கமுகும் அந்த 24க்குள் இல்லை. நூலின் கடைசியில் பின்னிணைப்பாகத்தான் அவற்றைப் போட்டிருக்கிறார். எனவே வடலியின் மகளிடம் சொல்லுங்கள், பனையை எங்கே வைப்பதென்று தடுமாறியது அவள் மட்டுமல்ல.

இன்றைய நிலை என்னவென்றால், 1998 முதல் டீ.என்.ஏ. அடிப்படையில் பூக்குந் தாவரங்களை ஒரு பன்னாட்டுக் குழு ஒழுங்குபடுத்தி வருகிறது. 2016 இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. ஒருவித்திலைகள் ஒரே கிளையாக உறுதியாக நின்றுவிட்டன. இருவித்திலைகள் அவ்வாறு நிற்கவில்லை. மிளகு, கறுவா, அன்னமுன்னா, ஆம்பல் எல்லாம் பெருங்கிளைக்கு வெளியே போய்விட்டன. புறக்காழுக்கு வெற்றி, அகக்காழுக்குச் சிறு தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒருவித்திலைக்குள்ளே பனை, நெல், வாழை, மஞ்சள் ஆகியவை கொமெலினிட்டுகள் என்ற ஒரே உட்கிளை. புற ஊதா ஒளியில் இவற்றின் கலச்சுவர் ஒளிரும், அதிலுள்ள பெருலிக் அமிலமே காரணம். பனை புல்லன்று, ஆனால் வேம்பைவிட நெல்லுக்கு எவ்வளவோ கிட்டியது.

வடலி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அயல்வீட்டில் பிரித்துப் போட்ட கூரையிலிருந்து ஒரு சிலாகைத் துண்டு எடுத்து, அரத்தாளால் தேய்த்து, மகளும் அம்மப்பாவும் கைவில்லையுடன் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிகளை எண்ணத் தொடங்கி, 200ஐத் தாண்டியதும் சண்டை வந்து நிறுத்திவிட்டார்கள். நெல்லுக்கு உறவு என்று வாசித்தபோது அம்மப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியையிடம் இந்த இழையைக் காட்டலாமா என்று மகள் கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி. கடற்கரையில் நிற்கும் தாழைக்கும் நீண்ட ஓலை, விழுது, பார்ப்பதற்குப் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல இருக்கிறது. அப்படியானால் தாழையும் பனையும் ஒரே வருணமா?

செம்மண்

இல்லை. தாழையும் ஒருவித்திலைதான், ஆனால் பண்டனேலசு என்ற வேறு வருணம், கொமெலினிட்டுகளுக்கும் வெளியே. பனையின் உறவு வரிசையில் வயலில் நிற்கும் நெல் முன்னுக்கு வரும், தாழை அதற்குப் பின்னால்தான். பார்க்க ஒன்றாயிருப்பது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று பாருங்கள். பிள்ளையை ஒரு தாழை நுனியை மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், முள்ளில் கை படாமல். இலைகள் மூன்று வரிசையாக, திருகு போலச் சுற்றிக்கொண்டு ஏறும். பனைமட்டையில் அது இல்லை. வரைந்து அனுப்பினால் பார்ப்பேன்.